ஜல்லித் தரையின் அடுக்குகள்

டல்சா. அறுபத்தாறு, பிப்ரவரி.
பூமியின் அதிர்வைப் படிக்கும் மேசை
பூமி அதிர்ந்தால் வேலை செய்யாது.
ஆகவே கருங்கல் பலகையை
நான்கு லாரி டியூப்களின் மேல் மிதக்க விட்டிருந்தோம்.
இரவு இரண்டு பத்துக்குச் சரக்கு ரயில்.
அது போய், கல் அடங்கும்வரை
நதீன் ஹ்ருஸ்கா சிகரெட் பிடிப்பாள்.
நான் தொட்டியில் பிலிம் அலசுவேன்.

ஓசேஜ் மேட்டில் குழி தோண்டி வெடிவைத்து
மண் திருப்பிச் சொன்னதையெல்லாம்
கறுப்பு வெள்ளைக் கோடுகளாய்
கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கித் தருவது என் வேலை.
ஆழத்துப் பாறையின் எதிரொலி படுக்கைக் கோடு.
அதன் குறுக்கே சரிவாகக் கீறிப்போவது
மேல்மண்ணோடு உருண்டோடிய வெறும் இரைச்சல்.
சொல்ல ஒன்றுமில்லாதவன் குரல்தான்
எங்கேயும் ஓங்கிக் கேட்கிறது.

லேசரின் சிவப்பு பிலிமுக்குள் நுழையும்.
லென்ஸ் தாண்டிச் சில சாண் தூரத்தில்
படம் படமாக இருக்காது.
கோடுகள் தாம் இருந்த இடத்தை மறந்துவிட்டு
சாய்ந்த கோணத்தை மட்டும் காட்டி நிற்கும்:
படுத்தவையெல்லாம் செங்குத்தாய் ஒரு புள்ளிச்சரம்,
சரிந்தவையெல்லாம் பக்கவாட்டில் ஒரு விசிறி.
சவர பிளேடில் வெட்டிய இரண்டு ஆப்புகளை
மூச்சை அடக்கி
விசிறியின் மேல் நகர்த்துவாள் நதீன்.
அடுத்த லென்ஸுக்கு அப்பால்
படம் மறுபடி படமாகும், இரைச்சல் இல்லாமல்.
கணிப்பொறிக்கு அனுப்பினால் இரண்டு வாரம், பெரிய பில்.
இங்கே ஒரு சிகரெட் நேரம்.

மேலாளர் டாக்கெட்டுக்குப் போதவில்லை.
"இன்னும் நெருக்கு."
நெருக்கினாள்.
பாறை முறிந்து இறங்கிய பிளவு ஒன்று இருந்தது,
உண்மையான பிளவு. அதுவும் போயிற்று.
அதுவும் சரிவுதானே,
ஒளிக்கு என்ன தெரியும்.
"இன்னும்."
ஆப்புகளுக்கு நடுவே மயிரிழைச் சந்து.
இஸ்திரி போட்டு மடித்த சட்டைகள்போல்
அடுக்கடுக்காய், அழகாய், ஒரு பூமி.
பங்குதாரர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள்.

புதன் மதியம் கேமராவோடு என்னை வெளியே இழுத்துப்போனாள்.
கட்டடத்தின் பின்புறம், கார் நிறுத்தும் ஜல்லித் தரை.
ஜல்லி, ஒரு எண்ணெய்க் கறை, நசுங்கிய காகிதக் கோப்பை.
"இதைப் பிடி" என்றாள்.
ஏன் என்று கேட்கவில்லை. குளிர் அப்படி.

வியாழன் காலை சுவரில் இரண்டு படங்கள்.
பங்குதாரர்கள் இன்னும் வரவில்லை.
டாக்கெட் வலப்பக்கத்துப் படத்தின் முன் நின்றார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
கிட்டத்தில் போய்,
மெல்லிய திமில்போல் எழும்பிய ஓர் அடுக்கில் விரல் வைத்தார்.
"எந்த லைன் இது? பிரமாதம்.
இதன் உச்சியிலேயே துளை போடலாமே."

"உங்கள் பியூக் நிற்கிற இடம்" என்றாள் நதீன்.

அவர் சிரிக்கவில்லை.
ஜன்னலுக்குப் போய்த் தன் காரைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
பிறகு முதுகைத் திருப்பாமலே,
"ஆப்பை அகட்டி வை" என்றார்.
"எவ்வளவு?"
அதற்கு அவரிடம் பதில் இல்லை.
எங்களிடமும் இல்லை.

அகட்டினோம்.
பிளவு வந்தது.
கூடவே இரைச்சலும் வந்தது, கொஞ்சம்,
வேண்டிய விருந்தாளியோடு ஒட்டிக்கொண்டு வருகிறவனைப்போல.
பங்குதாரர்கள் முகம் சுளித்தார்கள்.

அந்த ஜல்லிப் படத்தை நான் தூக்கிப் போடவில்லை.
எல்லாம் தெரிந்தும்,
எப்போதாவது எடுத்துப் பார்த்தால்
அந்தத் திமிலுக்கு அடியில்
எண்ணெய் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.