ஆர் பாடுறது?

வலது கையில் நான்கு நகம் நீளம்,
இடது கையில் ஒன்றும் இல்லை.
புறக்கோட்டை ஹாட்வெயார் கடையில்
நான் பில் எழுதும்போது
ஆட்கள் விலையைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்க்கிறார்கள்.
"என்ன தங்கச்சி, ஒரு பக்கம்தான் வளருதோ?"
சிரித்துவிட்டு எழுதுகிறேன்:
ஒன்றரை அங்குல ஆணி, இரண்டு கிலோ.

இரவு ஒன்பதுக்கு
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
மெற்றோனோம் அறுபதில்.
கட்டைவிரல் ஒருமுறை சொன்னதை
மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல்
ஒரே கம்பியில், இடைவெளி தெரியாமல்
பீலித் தண்ணீர்போல் ஒழுகவிட வேண்டும்.
ஒழுகவில்லை. தடக்குகிறது.
தடக்குவது மோதிரவிரல்.

எட்டு மாதமாக அதற்கு மட்டும் தனி வகுப்பு:
மேசையில், பஸ் கம்பியில், கல்குலேற்றரின் முதுகில்,
பெரியம்மா போனில் "எப்ப பிள்ளை மோதிரம்?" என்னும்போது
தொடையில்.
அந்த விரலுக்கு இப்ப நேரமில்லை, பெரியம்மா.
சொல்லவில்லை. தட்டிக்கொண்டிருந்தேன்.

அறுபத்திரண்டு. அறுபத்து நான்கு.
கீழ்வீட்டு ஃபஹ்மிதா கதவைத் தட்டினாள்,
பிள்ளை தூங்குறான் என்று.
குதிரைப் பக்கம், கம்பிகளுக்கடியில்
ஒரு காலுறையைச் செருகினேன்.
எழுபத்திரண்டில் மறுபடி வந்தாள்:
"வேகத்தக் கூட்டிட்டீங்களா?
பழைய மாதிரிக்குத்தான் அவன் தூங்குவான்."
எட்டு மாத முன்னேற்றத்தைக் கேட்டுச் சொன்ன முதல் ஆள்.

கடற்காற்று கம்பியைத் தின்னும் ஊர்.
மூன்று கிழமையில் வெள்ளி கறுக்கும்.
ஒரு செற் நாலாயிரத்து எண்ணூறு.
அவிழ்த்து, வெந்நீரில் அவித்து, மறுபடி பூட்டுகிறேன்.
ஐந்தாவதும் ஆறாவதும் ஒத்துக்கொள்ளும்,
நாலாவது அறும்.
இணையத்தில் மூன்று உருப்படி போட்டிருக்கிறேன்,
முதல் மூன்று மாத வருமானம் நானூற்றுப் பதினேழு ரூபா.
அரைக் கம்பி.

சனிக்கிழமை, தெஹிவளையில் ஒரு ஹொட்டேல் லொபி.
மனேஜர் குகதாசன் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"ஆர் பாடுறது?"
ஒருத்தரும் இல்லை.
"அப்ப என்ன பாஷை?"
பெட்டியின் கொக்கியில் கையை வைத்தபடி நின்றேன்.
வாய் திறந்த முதல் சொல்லிலேயே
இன்னார் என்று எழுதிக்கொள்ளும் நகரத்தில்
இரண்டு மணித்தியாலம்
அந்த முதல் சொல் இல்லாமல்
ஒரு கதிரையில் இருந்துவிடலாம் என்பதை
எந்தப் பாஷையில் அவருக்குச் சொல்ல?
"சும்மா வாசிக்கிறது, அண்ணை."
"சும்மாவெண்டால் அரைச் சம்பளம்."
சாப்பாடு உண்டு. ஓட்டோக் காசு இல்லை.

எட்டாம் மேசை பைலா கேட்டது, வாசித்தேன்.
பிறந்தநாள் மெட்டு மூன்று தடவை.
கரண்டிச் சத்தம் தணிந்த ஒரு இடைவெளியில்
என்னுடையதை நுழைத்தேன், பெயர் 'ரசீது'.
தட்டு நிறையக் கிளாசோடு போன வெயிற்றர்
சட்டென்று நின்றார்.
எனக்காக என்று நினைத்தேன்.
சப்பாத்து லேஸ் அவிழ்ந்திருந்தது.

ஞாயிறு ஒலிப்பதிவு.
மெத்தையைச் சுவரில் சாய்த்து
மின்விசிறியை நிறுத்தி
ஃப்ரிஜ் வயரையும் கழற்றி
வியர்வை முழங்கையில் வடிய வாசித்தால்
மூன்றாம் நிமிடத்தில் ரயில்.
மறுபடி. மறுபடி ரயில்.
மறுபடி, சூன் பாண் ஓட்டோ,
தினமும் தேய்ந்த அதே மெட்டு, அரைச்சுருதி இறங்கி.
யன்னலால் பார்த்தேன்.
லேன் முழுக்கக் காசோடு கீழே நிற்கிறது.
ஒருவராவது கேட்கவில்லை, ஆர் பாடுறது என்று.
நானும் இறங்கிப்போய்
ஒரு மாலு பாண் வாங்கிவந்தேன்.

பதினோராம் தடவை
மோதிரவிரல் தடக்கவில்லை.
நம்பாமல் போட்டுக் கேட்டேன். இல்லை.
இன்னொருமுறை கேட்டேன்.
அப்படியே படுத்துவிட்டேன், மெத்தை சுவரில் நிற்க.

காலையில் வீடெல்லாம் மீன் மணம்.
ஃப்ரிஜ் வயர் இன்னும் தரையில்.