குவபாரா, குவபாரா

எங்கள் ஊரில் இடி இடித்தால்
"குவபாரா, குவபாரா" என்பார்கள்.
சொன்னால் தலையில் விழாதாம்.
என் மேல்மாடிக்காரர் பெயரும் அதுவே.
ஏப்ரல் மழையில், பயந்து, போர்வைக்குள் நான் முணுமுணுத்தபோது
கூரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:
"என்ன வேண்டும், ஹமாசுனா-சான்?"

சுகுமி, மலையை வெட்டிச் சிமென்டாக்கும் ஊர்.
அவருக்கு ஆலையில் இரவுக் காவல்.
வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
ஒரு ஓக் கட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்.
இரண்டு வருடமாய் அது வெறும் கட்டை.
பகல் பதினொரு மணிக்குச் சுத்தியலால் தட்டுவார்,
தூங்குகிறது, எழுப்புகிறேன் என்று.
எழுந்ததென்னவோ நான்.
விடிகாலைப் பேருந்தை ஓட்டிவிட்டு
அப்போதுதான் கண் அசந்திருப்பேன்.

இடி விழுந்த நான்காம் நாள்
பட்டை வெடித்துப் பழுப்புப் பொத்தான்கள்.
ஐந்தாம் நாள் என் கதவில் ஒரு வாளி ஷிடாகே.
ஆறாம் நாள் இன்னொரு வாளி.
வேண்டாம் என்பதற்குள் படியேறிப் போயிருந்தார்.

குடையைக் கவிழ்த்துக் கம்பிவலையில் வை,
மடிப்புகளில் வியர்வை துளிர்க்கும்வரை தொடாதே,
பிறகு சோயா சாஸ் இரண்டு சொட்டு
என்று வாளிக்குள் ஒரு துண்டுச் சீட்டு.
தொட்டேன். பசி.
வெந்ததும் வேகாததுமாய்ப் பன்னிரண்டு தின்றேன்.
மூன்றாம் நாள் முதுகெங்கும் சிவந்த கோடுகள்,
சாட்டையால் விளாசியது போல.
யார் அடித்தது என்றார் டாக்டர்.
காளான் என்றேன்.
சிரித்துவிட்டு, அடுத்த முறை நன்றாக வேகட்டும் என்றார்.
பத்து நாள் சீருடைக் காலர் பட்டாலே எரிந்தது.
மேல்மாடியில் சொல்லவில்லை.

மிச்சத்தை என்ன செய்வது?
பிளாஸ்டிக் பையில் போட்டது வியர்த்துக் கொழகொழத்தது.
தாளில் சுற்றியது ஒரு வாரம் மூச்சு விட்டது.
நறுக்கிய கொஞ்சம் ஃப்ரீசரில், ஐஸ்கிரீமைத் தள்ளிவிட்டு.
மற்றதெல்லாம் மூன்றடுக்கு வலையில்,
பால்கனிக் கொடியில், என் சாக்ஸுகளுக்குப் பக்கத்தில்.

மதியம் துறைமுக வழியில் வண்டி.
ஹோடோ தீவுக்கு மேல் வானம் கறுத்து வருகிறது.
பின்னால் முப்பது பேர்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன்,
என் காளான் நனைகிறது, என் காளான் நனைகிறது.
ஒரு பள்ளிப் பையன் சில்லறையை
ஒவ்வொன்றாக எண்ணிப் போடுகிறான்.

வீடு வந்தால் கொடியில் சாக்ஸ் மட்டும், சொட்டச் சொட்ட.
நிமிர்ந்து பார்த்தேன்.
தூண்டில் கோலால் வலையை மேலே இழுத்திருக்கிறார்,
காய்ந்த மடிப்புகளைத் தன் மின்விசிறிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.
சாக்ஸைத் தொடாதது மரியாதையாம்.

காய்ந்தபின் ஒரு வாளி ஒரு ஜாடிக்குள் அடங்கிவிட்டது.
குலுக்கினால் ஓட்டுச்சில்லுச் சத்தம்.
ஈரம் புகாமல் அரிசிப் பலகாரப் பாக்கெட்டில் வந்த
சின்ன உப்பு போன்ற பை ஒன்றை உள்ளே போட்டேன்.
டிசம்பரில் முதல்முறை ஊறவைத்தபோது
அந்தப் பழுப்பு நீரைத் தொட்டியில் கொட்டினேன்,
அழுக்கு என்று நினைத்து.
மணம் முழுக்க அதில்தான் இருந்ததாம்.
அதையும் சொல்லவில்லை.

இப்போது தெரியும்.
வெந்நீர் கூடாது. குளிர்ந்த நீர், ஃப்ரிட்ஜில், ஓர் இரவு.
காம்பை வீசாமல் பொடியாக நறுக்கி
சர்க்கரையும் சோயாவும் சுண்டும்வரை வதக்கினால்
சோறு மட்டும் போதும்.

ஜனவரி. எனக்கு விடுமுறை.
மூடியைத் திறக்கிறேன்:
கல்லாய்ச் சுருங்கியிருந்தது ஒவ்வொன்றும்
இரவோடிரவாக விரிந்து கிடக்கிறது.
எப்போதும் ஐந்துதான் போடுவேன்.
நேற்று ஒன்பது விழுந்திருக்கிறது. கை தவறி.

மணி பதினொன்று. மேலே சுத்தியல் தொடங்கிவிட்டது.
வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.
சும்மாதான் சொல்லிப் பார்த்தேன்,
குவபாரா, குவபாரா.

சுத்தியல் நின்றது.