ஏழாம் எண் இயந்திரம்

எல்கோவில் பனி. நெடுஞ்சாலையை அடைத்துவிட்டார்கள்.
சூதாட்டக் கூடமெங்கும்
லாரிக்காரர்களின் ஈர பூட்ஸ் வாசனை.
மைத்தே சாவியைத் திருப்பிக் கதவைத் திறக்கிறாள்:
மடங்கிப்போன இருபது டாலர் ஒன்று
தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கியிருக்கிறது.

பின்னால் டெல்மர், தங்கச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட்.
"நாலு மணி நேரமாய் ஊட்டியிருக்கிறேன்,
இனி அது தந்தே ஆகவேண்டும்."

டார்ச் அடித்துக் காட்டுகிறாள்.
உள்ளே கடன் நோட்டு எதுவுமில்லை,
உன் நாலு மணி நேரத்தைக் குறித்துவைக்க
ஒரு பென்சில்கூட இல்லை.
பொத்தானைத் தொட்ட நொடியிலேயே
எண் விழுந்துவிடுகிறது, டெல்மர்;
அப்புறம் சுழல்வதெல்லாம்
தீர்ப்பு எழுதியபின் நடக்கும் விசாரணை.
மூன்றாவது செர்ரி
மயிரிழையில் தவறினாலும் முழம் தவறினாலும்
ஒரே தோல்விதான்.
நூறு போட்டால் தொண்ணூறு திரும்பும் என்பது
ஊருக்கே சேர்த்துப் போட்ட கணக்கு,
அதில் உன் பெயர் இல்லை.

தலையாட்டுகிறான். அவனுக்கும் தெரிந்ததுதான்:
டன் டன்னாய் மண், ஒரு சிட்டிகை மஞ்சள்.
"ஆனால் அங்கே
வெறும் மண்ணுக்கும் சம்பளம் தருகிறார்கள்"
என்று சிரிக்கிறான்.

கதவு மூடுகிறது. விளக்குகள் ஓடத் தொடங்குகின்றன.
அவன் உட்காருகிறான்.

வியாழன் அவளுக்கு விடுமுறை.
எதிர்க் கூடத்துக்குப் போவாள்.
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை முறுக்கி
நாற்பது நிமிடம், பதினைந்து டாலர்;
வங்கி அட்டை காரிலேயே.
சினிமாவுக்குப் போனதாய் வைத்துக்கொள் என்பாள்.

எல்லாம் தெரிந்தவள்தான்.
மணி அடித்தபின்
எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று
அந்தக் கடிகாரம் அளப்பதில்லை.