காது தெரியணும்

சிரிக்காதீங்க. கண்ணாடியைக் கழற்றுங்க.
முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுங்க.

மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு வருஷமாக
நான் பேசிப் பிழைக்கிற மூன்று வாக்கியங்கள்.
கண்ணாடி மட்டும் நடுவில் சேர்ந்தது.
எந்த ஊர் மேசையிலோ எவரோ ஒரு வரியை மாற்ற,
அந்த வாரம் எடுத்த பதினேழு முகங்களை
மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தேன்
காசு வாங்காமல்.

சிங்கப்பூருக்கு முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து.
அமெரிக்காவுக்குச் சதுரம்.
குவைத்துக்கு ஒரு சமயம் நீலத்துணி கட்டினேன்.
வெள்ளைத்துணி, கல்யாண மண்டபத்து மேசை விரிப்பு,
ஒரு மூலையில் சாம்பார்க் கறை;
அது படத்தில் விழாத இடத்தில்தான்
இந்த ஜில்லாவே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது.

பெரியநாயகி நான்கு தடவை உட்கார்ந்தவள்.
கல்யாணமாகி முதல் தடவை போகும்போது
ஜடையில் கனகாம்பரம் இருந்தது. எடுக்கச் சொன்னேன்.
படிவத்தில் அவள் பெயர் ‘சார்ந்திருப்பவர்’.
அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டதால்
ஆபீசில் அத்தனை பேரும் அவளைக்
கலியமூர்த்தி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

ஆமாம், ஆபீஸ்.
ஆறு வருஷம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு அட்டை வந்தது,
வேலை பார்க்கலாம் என்று.
அந்த அட்டைக்கும் ஆயுள் உண்டு;
முன்பெல்லாம் புது அட்டை வருகிறவரை
பழையதைக் காட்டி ஓட்டலாம்.
ஒரு வியாழக்கிழமை அது கூடாது என்றார்கள்.
வெள்ளிக்கிழமை மேசை டிராயரைக் காலி செய்தாள்.

கலியமூர்த்தி போய்ச் சேர்ந்தது அதற்கடுத்த மாதம்.
நிஜ கலியமூர்த்தி.
காரியம் முடித்து, முத்திரை வாங்கித் திரும்ப
நவம்பரில் தேதி வைத்திருந்தாள்.
தேதி மே மாதத்துக்குப் போய்விட்டதாக
நாலு வரியில் மின்னஞ்சல் வந்தது.
அங்கே எட்டு வயசுப் பெண். காலை ஆறு மணிக்கு
செல்போனில் பல் விழுந்த இடத்தைக் காட்டுகிறது.

வீட்டில் உட்கார முடியாமல் என் கடைக்கு வந்தாள்.
கொளஞ்சி, வெல்டர், சிப்காட்டில் இருந்தவன்,
துபாய்ப் படிவத்தோடு விழித்துக்கொண்டு நின்றான்.
வாங்கி நிரப்பினாள். பிறகு பரங்கிப்பேட்டை ஹலீமா.
பிறகு வரிசை. ‘வருகையின் நோக்கம்’ என்ற கட்டத்தில்
அவள் எழுத்து கொஞ்சம் சாயும்.

மாதக் கடைசியில் கவரில் வைத்து நீட்டினேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
‘அண்ணே, இது வேலையாயிடாதே?’

எனக்குப் புரியவே நேரம் ஆனது.
பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தந்து
இருபது டாலரைத் திருப்பிக் கொடுத்தவளாம்.
கோயில் திருவிழாவில் புடவை விற்கக் கூப்பிட்டபோதும்
வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் போகாமல் இருந்தாளாம்.
‘இது கடலூரும்மா’ என்றேன்.
‘தெரியும்ணே’ என்றாள். கை முன்னால் வரவில்லை.

ஏ-ஃபோர் தாள் கட்டுக்குமேல் கவரை வைத்தேன்.
மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் தாள் தீர்ந்து
புதுக்கட்டு பிரித்தபோது காணோம்.
நான் கேட்கவில்லை.

தெற்கத்திக் காற்றில் சிப்காட் நாற்றம் ஏறிய ஒரு மத்தியானம்
கூட்டம் இல்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கணும்;
அக்டோபரில் நான் எடுத்த முகம்
மே மாதத்துக்குச் செல்லாது.

எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.
முடி ஏற்கெனவே காதுக்குப் பின்னால் இருந்தது.
நான் விளக்கைப் போட்டேன்.
சொல்வதற்கு ஒன்றும் இல்லை.