மிதுஷா கிறுகுகிறாள்

மார்கழியில் கடல் கொந்தளிக்கும்.
வாழைச்சேனைத் துறையில் வள்ளங்கள் கட்டிக் கிடக்கும்.
ஐஸ் வாங்க ஆளிருக்காது.
மில்லுக்குள், அம்மோனியா மணத்துக்கு நடுவே
கதிரையைப் போட்டு, தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து,
என் மருமகள் பனியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுவிஸில் காலை பத்து. இங்கே பின்னேரம் இரண்டரை.
அவளுக்குப் பதினேழு.
நெஞ்சில் ஐம்பத்தெட்டு என்று இலக்கம்.

முதலில் எனக்கு விளங்கவில்லை.
இவள் வரும்போது மட்டும் ஏன்
பாதை இப்படிக் கிழிந்து கிடக்கிறது?
முன்னால் போனவர்கள் வழுக்கிக்கொண்டு போனார்கள்.
இவளைப் பள்ளம் இழுத்தது, மேடு எத்தியது,
மூன்றாவது கம்பத்தோடு சரி.
தங்கேஸ் சொன்னாள்:
"அது புள்ளிக் கணக்கு அண்ணா.
கெட்டிக்காரருக்குத்தான் முதல் இடம்.
பிந்திப் போற புள்ளைக்கு
முந்திப் போனவங்கட வடு."

அட, இது எனக்குத் தெரியுமே.
விடிய நாலு மணிக்கு வரும் பெரிய போட்டுக்குக்
கண்ணாடி மாதிரி முழுப் பாளம்.
ஆறு மணிக்கு வரும் தோணிக்காரனுக்கு
அடியில் கிடக்கும் தூள், அதோடு கொஞ்சம் உமி.
அவன் போவதும் அதே கடலுக்குத்தான்.

ஐம்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றில் முழங்கால் வீங்கி
மூன்று கிழமை ஒன்றுமில்லை.
அந்த மூன்று கிழமையும் நான்
துருப்பிடித்த டின்களுக்கு ஒட்டுப் போட்டேன்.
பிறகு, இருபத்திரண்டு.

ஒரு நாள் அங்கே வெயில்.
கொமெண்டரி எனக்குத் தெரியாத பாஷை.
ஒருத்தன் வாளியோடு சரிவில் நடந்து
நெல் விதைக்கிற மாதிரி எதையோ விசிறினான்.
கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.
"சபூர் காக்கா, ஓடி வாங்க!
அங்கயும் உப்புத்தான் போடுறானுகள்!"
உப்புத் தண்ணீர் தான் உறையாது,
தனக்குள் இறக்கிய டின்னை உறைய வைக்கும்.
இருபது வருஷமாக என் கை வெடிப்பில்
எரிவது அதுதான்.
பனி அதை விழுங்கி இறுகியது.
அன்று அவள் விழவில்லை.

இரவு போனில் வந்தாள்.
அவளுடைய தமிழ் தாயின் தமிழ்,
பனியையே காணாமல் வளர்ந்த தமிழ்.
"நேரே போக ஆருக்கும் ஏலும் மாமா.
கிறுகக்குள்ளதான் நேரம் போற."

கிறுக.
வேறு ஊரில் சொன்னால்
பேனையும் கடதாசியும் எடுத்துத் தருவார்கள்.
தங்கேஸ் போன அன்று கட்டுநாயக்காவில்
பெட்டியை நிறுத்தார்கள், இருபத்துமூன்று கிலோ.
இந்தச் சொல்லை யாரும் நிறுக்கவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. நெஞ்சில் ஏழு.
தகரத்தில் மழை, கரண்ட் இல்லை, சிக்னல் ஒரு கோடு.
நடுச்சரிவில், இடுப்பு பனியை உரச
முழு உடம்பும் ஒரு பக்கம் சாய்ந்தபடி
அவள் கிறுகும்போது
படம் அப்படியே உறைந்தது.

எவ்வளவு நேரமோ.
சபூர் காக்கா போனைத் தட்டினார், ஊதினார்,
கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்து நனைத்தார்.

படம் திரும்பியபோது அவள் கீழே நிற்கிறாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பலகையைப் பார்க்கிறாள். மூச்சு புகையாகப் போகிறது.
மூன்றாமிடம்.
நாலாமவளுக்கும் இவளுக்கும் இடையில்
ஒரு செக்கனில் நூறில் நாலு பங்கு.
அது எவ்வளவு என்று கைதட்டிப் பார்த்தேன்.
தட்டலின் சத்தமே அதைவிட நீளம்.

அந்தக் கிறுகலை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.
தங்கேஸ் வீடியோ அனுப்பியிருக்கிறாள்.
திறக்காமல் வைத்திருக்கிறேன். ஏனென்று தெரியாது.

மாசி. கடல் அடங்கிவிட்டது.
விடிய நாலு மணிக்கு முதல் பாளத்தைப்
பலகைச் சறுக்கில் தள்ளிவிட்டேன்.
பெடியன்கள் விலகி நின்றார்கள்.
வளைவு வருகிறது.
"கிறுகு! கிறுகு!" என்று கத்தியது நான்தான்.
கிறுகியது.
போட்டடியில் நின்ற சபூர் காக்கா
டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு,
ஒரு மூலை உடைஞ்சிரிக்கு,
காசைக் குறை என்றார்.