பதினேழாம் எபிசோடு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
மண்டபம் நண்டுக் கம்பெனிக்கு நாளைக்கும் லீவு.
கட்டிப்போட்ட படகுகள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம்
என் தலைமாட்டுச் சுவர் வரை வருகிறது.
போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு
பன்னிரண்டு வருஷம் கழித்து
அந்தப் பனி ஊருக்குத் திரும்பப் போகிறேன்.

முதல் தடவை பார்த்தது ரெக்ஸிலின் வீட்டு மாடியில்.
ராம்நாட்டு செல்போன் கடையில் முப்பது ரூபாய்க்கு
பென் டிரைவில் ஏற்றித்தந்த இருபத்துநாலு எபிசோடு.
கீழே ஓடும் இங்கிலீஷை அவள்தான் வாசிப்பாள்,
எனக்கு அவ்வளவு வேகம் வராது.
சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன்.
அவனோடு பேசாமல், அவனுக்குச் சோறு மட்டும் வைக்கும் ஹிசானோ.
அவளுடைய பரீட்சை ஃபாரத்தை அவன் அடுப்பில் போட்ட அன்றைக்கு
நாங்கள் இரண்டு பேரும் அழுத அழுகையில்
காயப்போட்ட சாளையைக் காக்கா தூக்கியது தெரியவில்லை.

பதினேழு மட்டும் திறக்கவில்லை.
சாம்பல் கட்டம், அதற்குள் சுற்றிக்கொண்டே ஒரு வட்டம்.
பதினெட்டில் பார்த்தால்
அண்ணனும் தங்கையும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து ரெக்ஸிலின் சொன்னாள்:
"ராம்நாட்டுல சித்தி வீட்டு நெட்டுல பாத்துட்டேன்."
ரயில் பாலத்தில் ஏறி ஊர்ந்து முடிகிற வரைக்கும் சொன்னாள்.
மழை பெய்கிறதாம். அண்ணன் நனைந்து வருகிறானாம்.
உள்ளே வராமல் வாசலிலேயே நின்று
"மன்னிச்சிரு புள்ள, ஒம் படிப்ப நாந்தான் கெடுத்தேன்"
என்றானாம்.
அவள் உடனே மன்னிக்கவில்லையாம்.
துண்டை மட்டும் எடுத்து எறிந்தாளாம்.

அந்தத் துண்டை நான் பார்த்தேன்.
சத்தியமாகப் பார்த்தேன்,
நீலக் கரை, ஒரு மூலையில் நூல் பிரிந்தது.
அந்தத் தொடரில் எது பிடிக்கும் என்று யார் கேட்டாலும்
பன்னிரண்டு வருஷமாக
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குப் பதினேழு திறந்தது.

மழை இல்லை. வாசல் இல்லை.
இருபத்திரண்டு நிமிஷமும்
யாருடைய சைக்கிளையோ பிரித்துப் பூட்டுகிறான்.
செயின் விழுகிறது, மாட்டுகிறான்.
செயின் விழுகிறது.
ஹிசானோ ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துகிறாள்.
கடைசியில் விளக்கை அணைக்கிறான்.
அவ்வளவுதான்.

தப்பான ஃபைலோ என்று திரும்ப ஓட்டினேன்.
பிறகு பதினெட்டு. அதே மேஜை, அதே மீன் குழம்புப் புகை.
அவள் கடைசி வரை தட்டை விட்டு நிமிரவே இல்லை.
அந்த மேஜையில் நான் பார்த்த சமாதானம்
நான் கொண்டுபோய் வைத்தது.

ஜப்பான்காரன் எப்படி "புள்ள" என்று கூப்பிடுவான்?
அன்றைக்கு ஏன் தோன்றவில்லை?

அந்த வருஷம் ரெக்ஸிலினுக்கு மதுரையில் நர்சிங் சீட்டு வந்தது.
வந்த கடிதத்தை டென்சில் அண்ணன் என்ன செய்தார் என்று
தெருவுக்கே தெரியும்.
அடுத்த மாசம் அவர் கத்தாருக்குக் கிளம்பினார்.
வேன் புறப்படும்போது அவள் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.
நீலக் கரைத் துண்டு அவர்கள் வீட்டுக் கொடியில் கிடந்தது,
பல நாள், எடுக்க ஆளில்லாமல்.

ராம்நாட்டில் அவளுக்குச் சித்தியே கிடையாது.

போன் போட்டேன். தூத்துக்குடியில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே எடுத்தாள்.
"அங்க எத்தனாம் நம்பரு ஏத்திருக்கு?"
"மூணு."
"எங்களுக்கும் மூணுதான்."
கொஞ்ச நேரம் இரண்டு ஊர்க் காற்றும் போனுக்குள் இரைந்தது.
அந்த சைக்கிள் கடைக் கதையைத் திரும்பப் பார்க்கிறேன் என்றேன்.
"ஏ, அதா! எத்தனையில இருக்க?"

"பதினாறு" என்றேன்.

"அப்ப அடுத்ததுல அழுதுருவ" என்றாள்.