பிசிறு

பகலெல்லாம் பச்சை பார்க்கிறவன் நான்.
திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை.
வெளிச்சப் பெட்டிக்குள் நாலு விரல் அகலத் துணி,
பக்கத்தில் பையர் அனுப்பிய துண்டு.
மஞ்சள் துளி ஏறிவிட்டது என்று பதில் வரும்.
மறுபடி பிப்பெட், மறுபடி சொட்டு.
சோறு பிசையும்போதும்
நகக்கண்ணில் நேற்றைய ஆர்டர்.

வீட்டில் இரண்டடித் தொட்டி.
மீன் ஆறே ஆறு, அதுவும் சாக்குக்கு.
பாசிக்காகத்தான் தொட்டி.

உக்கடத்துக் கடையில் ஒரு பிடி தந்தார்கள்,
நனைந்த கம்பளி நூல்கண்டு மாதிரி.
அதற்கு வேர் கிடையாது.
பிடித்துக்கொள்ளும்வரை
கட்டையோடு கட்டிவைக்க வேண்டும்.
மிஷின் நூலில் இறுக்கிக்கொண்டிருந்தேன்.
"ஏனுங், அது பாலியஸ்டருங்க,
நாம போய்ச் சேர்ந்தாலும் அது இத்துப்போகாது.
பருத்தியில கட்டுங்க" என்றாள் தவமணி,
மடியில் குவிந்த பனியன்களிலிருந்து
தலை தூக்காமல்.

அவிழ்த்துக் கட்டினேன்.

போர் தண்ணீர்தான் முதலில் ஊற்றினேன்.
லேபிலிருந்து இரவல் வாங்கிய மீட்டர்
ஆயிரத்து அறுநூறு காட்டியது.
வெந்நீர்க் குண்டாவின் அடியில் படிகிற வெள்ளை
இலை நுனியிலும் படிந்தது.
பத்தாம் நாள் பாசி டீத்தூள் நிறம்.
அந்த நிறத்துக்கும் எங்களிடம் நம்பர் உண்டு,
சொல்லிக்கொள்ளவில்லை.

ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீதிக்கு
எட்டு நாளுக்கு ஒருமுறை.
குடிக்கப் பிடித்தது போக இரண்டு குடம்.
மருந்து வாடை போக ஒரு ராத்திரி
வாளியில் திறந்து வைத்து
மறுநாள் குவளை குவளையாக ஊற்றுவேன்.
பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா எட்டிப் பார்த்து
"பாசி புடிக்கக் கூடாதுன்னு
நாங்க தொட்டியத் தேச்சுத் தேச்சுக் கழுவறோம்,
நீங்க காசு குடுத்து வாங்கியாந்தீங்களாக்கு"
என்றார்.
நியாயமான கேள்வி.

சித்திரையில் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி.
பாட்டிலில் ஐஸ் உறைய வைத்து மிதக்க விட்டேன்.
ஃப்ரீசரில் இடத்துக்காக
மீன் குழம்பு மசாலாவோடு தகராறு.
விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன்.
கூடினால் முடிப்பாசி வந்து
நல்ல பாசியின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.
அதைப் பழைய டூத் பிரஷ்ஷில் முறுக்கி
இடியாப்பம் போல எடுக்க வேண்டும்.

ஆனி கடைசியில்
கட்டிய நூலைத் தேடினேன், காணோம்.
மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
கட்டையும் சேர்ந்து வந்தது.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால்
தொட்டியில் பாதிப் பாசி இல்லை.
ஒட்ட வெட்டிய தலை.
"பிசிறாட்டவே நீட்டிக்கிட்டு இருந்துதுங்க,
பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல."
பீஸுக்கு நாற்பது பைசாவுக்குப் பிசிறு வெட்டுகிற கை.
வெட்டிய கையில் கத்திரி இன்னும் ஈரமாக.

அன்று நான் பேசவில்லை.
மறுநாளும் பேசவில்லை.
பம்ப்பை அணைத்துவிட்டு வெட்டினாளா என்று
கேட்க மட்டும் வாய் வந்தது.
"பின்ன? உறிஞ்சிக்காதா?" என்றாள்.
அதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

மூன்று வாரத்தில்
வெட்டுப்பட்ட ஒவ்வொரு நுனியும்
இரண்டாகப் பிரிந்திருந்தது.
புதுத் தளிர், கண்ணாடிக்குள் தெரியும் பச்சை,
எனக்குப் பெயர் தெரியாத பச்சை.
வெட்டியதை அவள் கொட்டவும் இல்லை.
காலர் துணி வலையில் பரப்பி
ஜன்னலோரம், டிபன் பாக்ஸில்.

அதிலிருந்து ஒரு கொத்தை
ஈரப் பஞ்சில் வைத்து லேபுக்கு எடுத்துப்போனேன்.
பகல் விளக்கில் ஒரு பச்சை.
கடை விளக்கில் வேறு.
மஞ்சள் பல்பில் மூன்றாவது.
துணியாக இருந்தால் அங்கேயே ரிஜெக்ட்.

மேனேஜர் மயில்வாகனம் குனிந்து பார்த்தார்.
நல்லா வந்திருக்கே, என்றார்.
ரிஜிஸ்டரைத் திறந்து பேனா மூடியைக் கழற்றி,
"யாரோட ஆர்டர் இது?"

எங்கூட்டுதுங்க சார், என்றேன்.
அவர் எழுதத் தொடங்கி, நிறுத்தி,
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மறுபடி குனிந்தார்.